யோசப்பின் சீற்

யோசப் எனக்குத் தரவேண்டியிருந்தது மூவாயிரத்து நூற்றைம்பது டொலர். மூன்று வருடத்துக்கு முதல், மிசிசாகாவில் நாங்கள் கொங்கிறீற் போட்டுக்கொண்டிருந்த கட்டிடத்தின் ஒன்பதாம் மாடியில் வைத்துக் கேட்டான். மகளின் படிப்புக்குக் கட்டவேண்டிய காசு, வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் இடம் போய்விடும் என்றான்.

"பேர்ணடெற்றுக்கு மட்டும் தெரியவேண்டாம் மச்சான். தெரிஞ்சால் கழுத்தில கிடக்கிற கொடியைக் கழட்டி அடகு வைச்சுப்போடுவாள்."

பேர்ணடெற் அவன் மனைவி. அடுத்த நாள் உறைக்குள் வைத்துக் கொடுத்தேன். துண்டு எதுவும் எழுதி வாங்கவில்லை. அப்போது எனக்குக் கையெழுத்துப் போடுவதற்கு மேல் எழுத்துத் தெரியாது. எழுத்துக் கூட்டப் பழகியது அதற்குப் பிறகுதான், ஐம்பத்தாறு வயதில்.

போன பெப்ரவரியில் வீட்டு வாசலில் ஸ்னோ தள்ளிக்கொண்டிருந்த யோசப் அப்படியே விழுந்து போனான். செத்த வீட்டில் காசு கேட்கக் கூடாது. முப்பத்தோராம் நாள் காரியம் முடியட்டும் என்று இருந்தேன். அது முடிய, ஈஸ்ரர் போகட்டும் என்று இருந்தேன். அதற்குள் என் வலது முழங்கால் போய்விட்டது. கிழமைக்கு இரண்டு நாள்தான் வேலை கிடைத்தது. மல்வேர்னில் நான் இருக்கும் பேஸ்மென்ருக்கு மூன்று மாத வாடகை பாக்கி நின்றது. யோசப்பின் காசு வந்தால் அதைக் கட்டிவிடலாம்.

ஓகஸ்ட் மாதம் பேர்ணடெற் போன் எடுத்தாள். அவர்களுடைய கோயிலில் இருந்து ஒரு கூட்டம் இத்தாலிக்கு யாத்திரை போகிறது. யோசப் இரண்டு சீற்றுக்கு முன்கூட்டியே காசு கட்டி வைத்திருந்தான்.

"இவற்ற சீற் சும்மா போகுது அண்ணை. பேரை மாத்தித் தருவினமாம். நீங்கள் வாங்கோவன்."

"நான் சைவக்காரன் தங்கச்சி."

"சைவக்காரருக்கு பஸ்சிலை இடமில்லையெண்டு ஆர் சொன்னது? வாங்கோ. உங்களோட ஒரு விசயம் கதைக்கவும் வேணும்."

காசு விசயம் எப்படியோ அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். வீட்டில் ஆட்கள் வந்து போவதால் யாத்திரையில் வைத்துக் கதைக்க விரும்புகிறாள் போல. பத்து நாள் சம்பளம் இல்லாமல் லீவு கேட்டேன். கால் சரியில்லாத ஆளுக்கு லீவு கொடுப்பதில் போர்மனுக்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை.

ஒக்ரோபரில் போனோம். முதல் ஏழு நாளும் கோயில், பூசை, செபமாலை. பேர்ணடெற் எப்போதும் கூட்டத்துக்கு நடுவில் இருந்தாள். எட்டாம் நாள்தான் கோயில் இல்லாத நாள். மலைமேல் இருக்கும் இரண்டு பழைய ஊர்களையும், ஒரு திராட்சைத் தோட்டத்தையும் பார்த்துவிட்டுப் பொழுதுபடத் திரும்புவது. அன்றைக்குக் கேட்பதென்று முடிவெடுத்தேன். சொல்லவேண்டியதை பஸ்சில் இருந்தபடி வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். "யோசப் என்னட்டை வாங்கின காசு ஒண்டு இருக்கு, தங்கச்சி." அவ்வளவுதான்.

முதல் ஊர் சியெனா. மழை தூறியது. அங்கே தெரு என்றால் ஏறுவது, இல்லாவிட்டால் இறங்குவது. மட்டமான இடம் என்று ஒன்று கிடையாது. கல் வழுக்கியது. நான் சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறினேன். பேர்ணடெற் குடையோடு எனக்காக நின்று நின்று வந்தாள். வாயைத் திறக்கலாம் என்று பார்க்கும் போதெல்லாம் அவளின் தங்கச்சி றெஜினா நடுவில் வந்து நின்றாள். கோப்பி குடித்த இடத்தில் நான் யூரோச் சில்லறையை எண்ணி வைத்ததை றெஜினா பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஸ்ரீ அண்ணையின்ர கையை விட்டுக் காசு போறதெண்டால் லேசில்லை."

"சும்மா இரடி," என்றாள் பேர்ணடெற்.

பகிடி என்று நினைத்து நானும் சிரித்தேன்.

இரண்டாவது ஊர் முழுக்கக் கல்லுக் கோபுரங்கள். பணக்காரக் குடும்பங்கள் ஒன்றுக்கொன்று போட்டியாகக் கட்டினவையாம். மற்றவர்கள் உச்சியைப் பார்த்துப் படம் எடுத்தார்கள். நான் சுவரைப் பார்த்தேன். அடியிலிருந்து உச்சிவரை வரிசை வரிசையாகச் சதுர ஓட்டைகள். கட்டும்போது ஏறி நிற்க மரம் செருகின இடங்கள். வேலை முடிய மரத்தை உருவிக்கொண்டு போய்விட்டார்கள். எத்தனையோ நூறு வருடமாக ஒருவரும் அடைக்கவில்லை. ஒரு ஓட்டைக்குள் புறா இருந்தது. கொங்கிறீற் இறுகி, போம் பலகையைக் கழற்றின பிறகு சுவரில் தெரியும் ஓட்டைகளை அடைப்பதுதான் எனக்கு யோசப் தந்த வேலை.

பேர்ணடெற்றுக்குக் காட்டினேன். அவள் கனநேரம் மேலே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இவர் நிண்டிருந்தால், 'ஸ்ரீ, உதென்ன ஓட்டை, அடையடா' எண்டிருப்பார்," என்றாள். பிறகு குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டாள். அந்த நேரத்தில் காசைப் பற்றி எப்படிக் கேட்பது?

தோட்டத்துக்குப் போகும்போது மூன்றரை மணி. பழம் ஆய்ந்து முடிந்துவிட்டது. மஞ்சள் பிடித்த இலைகளோடு கொடிகள் மழைக்குள் நின்றன. நீள மேசையில் ஆளுக்கு நாலு கிளாஸ் வைத்து, பாணும் எண்ணெயும் தந்தார்கள். றெஜினா ஒரு கடி கடித்துவிட்டுப் பாணைக் கீழே வைத்தாள்.

"உப்பே இல்லை. துக்க வீட்டுச் சமையல் மாதிரி."

சொன்ன பிறகுதான் பக்கத்தில் தமக்கை இருப்பது நினைவு வந்தது. கைப்பைக்குள் இருந்து, மிளகாய் இடித்துச் செய்த இடிசம்பல் போத்தலை எடுத்து வைத்தாள். வைன் ஊற்ற வந்த பெடியனும் கேட்டு வாங்கித் தின்று பார்த்து, இருமிக்கொண்டு உள்ளே போனான்.

நான் இரண்டு கிளாஸ் குடித்தேன். இனிப் பின்போட நாள் இல்லை.

"தங்கச்சி, ஒரு விசயம்…"

"நானும் அதுக்குத்தான் நேரம் பாத்துக்கொண்டிருக்கிறன் அண்ணை," என்றாள் பேர்ணடெற். கைப்பையைத் திறந்து ஒரு சின்னக் கொப்பியை எடுத்து என் முன்னால் வைத்தாள். யோசப்பின் சட்டைப்பையில் எப்போதும் கிடந்த கொப்பி. மட்டையில் சீமெந்து ஒட்டிக் காய்ந்திருந்தது. "நீங்களே வாசியுங்கோ."

எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்தேன். பிரசாந் – 200. றிச்சர்ட் – 500. இரண்டையும் கோடு போட்டு வெட்டியிருந்தது. கீழே, ஸ்ரீ – 3150.

"பிரசாந் செத்த வீடு அண்டைக்கே கொண்டுவந்து தந்தவன். றிச்சர்ட் ஈஸ்ரருக்குத் தந்தவர். இவர் குடுத்தது ஒண்டுமே எனக்குத் தெரியாது, அவையே சொல்லித்தான் தந்தவை. நீங்கள் மட்டும் வாய் திறக்கேல்லை. எட்டு மாசம் பாத்தன் அண்ணை."

நான் தாளைத் திரும்பவும் பார்த்தேன். அந்தத் தாளில் யார் கொடுத்தது, யார் வாங்கினது என்று ஒரு சொல்லும் இல்லை. பெயரும் இலக்கமும் மட்டும்.

"பொய் சொல்லக்கூடாது, காசைக் கேக்கத்தான் உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தது. றெஜினாவும் இண்டைக்கு விடாதை எண்டவள். ஆனால் காலமை தொடக்கம் அந்தக் காலை இழுத்துக்கொண்டு நீங்கள் ஏறுறதைப் பாத்தன். சப்பாத்தும் பிஞ்சு கிடக்கு."

"தங்கச்சி, அது நான்…"

"வேண்டாம் அண்ணை. காரணம் சொல்லாதேங்கோ. இல்லாத ஆளிட்டைப் பிடுங்கி நான் என்ன செய்ய?"

றெஜினா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லப்போவதற்கு ஓம் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் ஸ்காபரோவில் மண்ணுக்குள் கிடக்கிறான். இப்போது வாயைத் திறந்தால், வாங்கின காசை மறைக்கச் செத்தவன் மேல் கடன் சுமத்துகிறவனாகப் போவேன். பேர்ணடெற்றின் முகத்தைப் பார்த்தேன். பெப்ரவரிக்குப் பிறகு அது இளகியிருந்தது அன்றைக்குத்தான்.

அவள் தங்கச்சியிடம் பேனையை வாங்கி என் பெயருக்கு மேல் கோடு இழுத்தாள். மை பிடிக்கவில்லை. கொப்பியைத் திருப்பி வைத்து, அழுத்தி இன்னொரு தரம் இழுத்தாள்.

"முடிஞ்சுது. மனசில வச்சிருக்காதேங்கோ."

"பெரிய உதவி, தங்கச்சி," என்றேன்.

றெஜினா என் பாணை எடுத்து, அதன்மேல் இடிசம்பலைத் தூவி என் பக்கம் தள்ளினாள்.

"இப்பவாவது சாப்பிடுங்கோ அண்ணை. கடன் இல்லைத்தானே."