இடைவேளையில் வந்த அழுகை

தொலைக்காட்சி நிலையத்தின் ஒளிபரப்பு அறையில், விளம்பரங்களை வரிசைப்படி ஓடவிடுவது அவள் வேலை. அன்று மதியம் கால்பந்து இறுதி ஆட்டம். தேர்தலுக்குப் பத்து நாள்தான் பாக்கி. இடைவேளை நெருங்கும்போது ஒரு கட்சியின் புது விளம்பரம் பட்டியலில் வந்து விழுந்தது. சத்தத்தைக் குறைத்து ஓட்டிப் பார்த்தாள்.

இடிந்து கிடக்கும் மேம்பாலம். அதன் முன்னால் மண்ணில் உட்கார்ந்து, மாரில் அடித்துக்கொண்டு அழும் ஒரு பெரியவர். அவளுடைய அப்பா.

இரண்டு வருடத்துக்கு முன் அந்தப் பாலம் இடிந்தபோது அதற்கு அடியில்தான் அண்ணன் போய்ச் சேர்ந்தான். அப்பாவும் அவனும் ஒரு ஆட்டத்தையும் விட்டதில்லை. அவன் போனபிறகு அப்பா டிவி பக்கமே திரும்பவில்லை. இன்று காலையில்தான், "ஃபைனலையாவது பாருங்கப்பா, எனக்காக" என்று கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்துவிட்டு வந்திருந்தாள்.

மேலாளரிடம் ஓடினாள்.

"சார், இது எங்கப்பா. எங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கல. இதை மட்டும் எடுத்துடுங்க."

பார்த்ததும் அவர் முகமும் வாடித்தான் போயிற்று. "கஷ்டமாத்தான்மா இருக்கு. ஆனா எதிர்க்கட்சியோடத போட்டுட்டு இவங்களோடத நிறுத்தினா, நம்மள உண்டு இல்லைன்னு பண்ணிடுவாங்க."

"மேட்ச் பாக்க உக்காந்தவங்ககிட்ட எதுக்கு சார் இதெல்லாம்?"

"அவங்க எழுந்து போகமாட்டாங்கல்ல, அதான்."

இருக்கைக்குத் திரும்பி வீட்டுக்குப் போன் போட்டாள். மூன்றாவது தடவைதான் அண்ணி எடுத்தாள்.

"அண்ணி, டிவியை உடனே அணைங்க!"

"என்னது? சத்தமாப் பேசு. நம்மாளுங்க கோல் போட்டுட்டாங்க! மாமா எந்திரிச்சு நின்னு கை தட்டுறாருடி!"

அதற்குள் இடைவேளை விசில் ஊதியாயிற்று. மேலாளர் பின்னால் வந்து நின்றார். விளம்பரம் ஓடியது.

எதிரே இருந்த திரையில் அப்பா அழுது முடித்துச் சில நொடி கழித்து, அதே அழுகை வீட்டு டிவியிலிருந்து போன் வழியாகக் கேட்டது. பிறகு சின்னத்துக்கு ஓட்டுக் கேட்கும் பாட்டு. அண்ணி போனை வைக்கவில்லை.

ஆட்டம் முடிந்து கோப்பை கொடுப்பதற்கு முன் அதே விளம்பரம் மறுபடி இருந்தது. அவள் அதைத் தூக்கிவிட்டு முப்பது நொடிக்கு நிலையத்தின் முத்திரையைக் காட்டினாள். அங்கேயே அடையாள அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். அவள் படியிறங்குவதற்குள், அந்த இடத்தில் உட்கார்ந்தவர் விட்டுப்போன விளம்பரத்தையும் சேர்த்து ஓடவிட்டார்.

வீட்டில் டிவி அணைந்திருந்தது. அப்பா சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"நான் அப்படியாம்மா அழுதேன்?"

அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"சந்தோஷமாத்தான் இருந்தேன். திடீர்னு நானே வந்து நிக்கிறேன்." அவள் பக்கம் திரும்பினார். "எத்தனை பேரு பாத்திருப்பாங்க?"

அந்தக் கணக்கு அவளுக்கு அத்துப்படி. "தெரியலப்பா" என்றாள்.

மறுநாளிலிருந்து அப்பா கடைத்தெருவுக்குப் போவதையும் நிறுத்திவிட்டார்.