நப்ரா ஏறாத படகு

அணையை உயர்த்திய வருஷம் நைல் எங்கள் பழைய ஊரை விழுங்கியது. மேட்டுப் பாறையில் மறுபடி வீடு கட்டிக்கொண்டோம். பேரீச்சைத் தோப்பைத்தான் மேலே தூக்கிவர முடியவில்லை. பிழைப்புத் தேடி எங்கள் நூபிய ஆண்கள் கெய்ரோவுக்கும் அலெக்சாந்திரியாவுக்கும் சமையல்காரர்களாகவும் வாயில்காவலர்களாகவும் போனார்கள். நப்ராவின் கணவன் கைரியும் அப்படிப் போய், விடுப்பில் மட்டும் வந்துபோனவன்தான்.

பத்து வருஷம் போல ஆனதும் காய்ச்சல் வந்தது. தெற்கிலிருந்து வந்த கொசு என்று பிற்பாடு சொன்னார்கள். விளைந்து நின்ற சோளத்தை வெட்ட ஆளில்லை. படுத்தவருக்குத் தண்ணீர் கொண்டுவரப் போனவள் வழியிலேயே சுருண்டு விழுந்தாள். நப்ராவின் ஒரே மகள் ஹவ்வா, பேசப் பழகிக்கொண்டிருந்த பிள்ளை, ஒரு மதியத்தில் போய்விட்டாள். சேதி கேட்டுக் கிளம்பிய கைரியைப் படகுத்துறையிலேயே தடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். காய்ச்சல் கண்ட ஊர்களுக்குள் யாரையும் விடவில்லை.

எழுந்து நடக்க முடிந்தவர்களில் நப்ராவும் பக்கத்து வீட்டு ஷாயாவும் இருந்தார்கள். ஷாயாவின் கணவன் காய்ச்சலில் இறந்திருந்தான். அவள் வாயை மட்டும் காய்ச்சல் தொடவில்லை என்று ஊரில் சொல்வோம். வருஷாவருஷம் போலக் கோடையில் அணை நீர் வடிந்து கரை வெளியே தெரிந்ததும் இருவரும் விதைக்க இறங்கினார்கள்.

“இது உஸ்மான் வீட்டு நிலமாச்சே,” என்றாள் நப்ரா.

“உஸ்மான் வீட்ல யாருடி மிச்சம்? அந்தப் பொடிசுங்களும் உன் அடுப்படியிலதான் தூங்குதுங்க. பேசாம விதை. விளைஞ்சா எல்லாரும் தின்போம், விளையலைன்னா எல்லாருமா சேர்ந்து உன்னைத் திட்டுவோம்.”

நடக்க முடிந்த பெண்கள் எல்லோரும் வந்தார்கள். வரப்புப் பார்க்காமல் கரை முழுக்க விதைத்தார்கள். ஆளில்லாமல் உதிர்ந்துகொண்டிருந்த வீடுகளுக்கு ஆற்று வண்டலைக் குழைத்துப் பூசினார்கள். பெற்றோரை இழந்த பிள்ளைகளைப் பிரித்துக்கொண்டார்கள். ஐந்து பேர் நப்ராவிடம் வந்தார்கள்.

தபால் படகு மறுபடி ஓடத் தொடங்கியது. அது ஊதினால் நப்ராவுக்குக் கை ஓடாது. கூரைமேல் ஏறி, இறங்குகிறவர்களின் நடையைப் பார்ப்பாள். கைரியின் முகம் அவளுக்கு நினைவிருந்தது. குரல்தான் நாளுக்கு நாள் நழுவிக்கொண்டிருந்தது.

“மாவு காயுதுடி,” என்பாள் ஷாயா. “வந்திருந்தா ஏறி வர வழி தெரியாதா அவனுக்கு?”

கைரி வந்த அன்று நப்ரா கூரையில் இல்லை, சோளக்கொல்லையில் குனிந்திருந்தாள். பின்னாலிருந்து யாரோ பேர் சொல்லிக் கூப்பிட, அந்தக் குரலை அறிந்த பிறகும் சற்று நேரம் நிமிராமலே இருந்தாள்.

இருவருமாக முதலில் ஹவ்வாவைப் புதைத்த இடத்துக்குப் போனார்கள். சாப்பிட்டு முடித்ததும் கைரி சொன்னான்:

“என்னோட வந்துடு. வேலை பாக்கற வீட்ல மாடிப்படிக்குக் கீழ ஒரு அறை குடுத்திருக்காங்க. ரெண்டு பேருக்குத் தாராளமா போதும்.”

“ஏழு பேருக்கு?”

கைரி பிள்ளைகளைப் பார்த்தான். “ஷாயா பாத்துக்க மாட்டாளா?”

“அவகிட்டயே நாலு இருக்கு.”

“நான் இங்க இருந்தா எதைச் சாப்பிடறது? தோப்பு தண்ணிக்குள்ள கிடக்கு.”

“உங்கள இருங்கன்னு நான் சொல்லலையே, ஹவ்வா அப்பா. இருக்க மாட்டீங்களான்னு மனசுக்குள்ள கேட்டுக்கிட்டே இருந்தேன். அது வேற.”

விடுப்பு முடியும்வரை கைரி தங்கினான். உடைந்து கிடந்த நீர்ச்சக்கரத்தைச் சரிசெய்தான். பெண்களின் கை எட்டாத சுவரின் மேல்பாதியைப் பூசிக்கொடுத்தான். பிள்ளைகள் முதலில் பயந்தார்கள். அப்புறம் அவன் தோளை விட்டு இறங்கவில்லை. அவன் புறப்பட்ட அன்று படகு நகர்ந்ததும் நப்ரா தன்னை அறியாமல் முழங்கால் அளவு தண்ணீருக்குள் இறங்கியிருந்தாள். ஷாயா வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு எப்போதாவது விடுப்பு கிடைத்தால் வந்துபோனான். நப்ராவுக்கு இரண்டு பையன்கள் பிறந்தார்கள். வளர்த்த பிள்ளைகளில் மூத்தவள் தஹீபாவுக்குக் கல்யாணம் வந்தது. காய்ச்சலுக்குப் பிறகு எங்கள் ஊர் பார்த்த முதல் பெரிய கல்யாணம். கைரிக்கு விடுப்பு கிடைக்கவில்லை. மேளம் தொடங்கியதும் ஆட வரிசை கட்டினோம். ஆண்கள் வரிசை பாதிக்கு மேல் காலி. “என்ன வேடிக்கை பாக்கறீங்க?” என்று ஷாயா பெண்களை அங்கே இழுத்து நிறுத்தினாள். நப்ராவும் போனாள். தன் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டு நின்றாள். நெருங்கி வா என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை.