'போ'வுக்கு அடுத்த எழுத்து

அந்த சென்சார் மிஞ்சிப் போனால் ஒரு மிளகு அளவு இருக்கும். அதைத் தேடி ரத்னவேல் ஒரு வாரமாக நாயாய் அலைந்துகொண்டிருந்தார்.

துவாஸ் தொழிற்பேட்டையில் லிஃப்ட் உதிரிபாகம் விற்கும் கிடங்கில் கையை விரித்துவிட்டார்கள். ஆன்லைனில் வாங்கியதைப் பிரித்துப் பார்த்தால் வேறு மாடல். "அத இப்ப யாரும் செய்றதில்ல அங்கிள், ஸ்டாப் பண்ணிட்டாங்க லா" என்று போனில் சொன்னவனை, ஏதோ அவனே நிறுத்தியதுபோல் திட்டித் தீர்த்தார்.

திட்டாமல் என்ன செய்வார்? வீட்டில் தங்கம் பாதி வார்த்தையில் நிற்கிறாள்.

தங்கம் அவர் மனைவி. தேக்கா மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருந்தவள். வாய் என்றால் வாய், அப்படி ஒரு வாய்! வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்துவிட்டு வாங்காமல் போகிறவர்களை அவள் பேசுகிற பேச்சுக்குப் பக்கத்துக் கடைக்காரர்கள் வியாபாரத்தை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். கட்டிய புருஷனும் தப்ப முடியாது. "போய்யா அங்கிட்டு" என்றால் பாசமாக இருக்கிறாள் என்று அர்த்தம். "போங்க" என்று மரியாதை கொடுத்தால் அன்றைக்கு வீட்டில் சோறு கிடையாது. அப்பேர்ப்பட்டவளுக்கு நரம்பு நோய் வந்தது. கை போனது, கால் போனது, கடைசியில் குரலும் போனது. கண் இமையில் மட்டும் துளி அசைவு மிச்சமிருந்தது. அதுவும் எதிரே இருப்பவர் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத அசைவு.

ரத்னவேல் லிஃப்ட் மெக்கானிக். கதவுக்கு நடுவில் ஆள் நின்றால் லிஃப்ட் மூடாமல் நிற்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சத்தால்தான், இன்ஃப்ராரெட். அந்த வெளிச்சத்தை அனுப்பி வாங்கும் சென்சாரை அவர் ஒரு மூக்குக்கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டி, வெளிச்சம் அவள் இமைமேல் பட்டுத் திரும்பும்படி செய்தார். இமை இம்மியளவு அசைந்தால் 'டிங்' என்று சத்தம் வரும். மேசைமேல் இருக்கும் டேப்லெட்டில் எழுத்துகள் வரிசையாக ஓடும். டிங் வரும்போது எந்த எழுத்து இருக்கிறதோ அது விழும். இப்படித்தான் தங்கம் மறுபடி பேசினாள். முதன்முதலில் அவள் சொன்னதே "தாடியை எடு". அவர் அழுதுகொண்டே போய்ச் சவரம் செய்துகொண்டு வந்தார்.

போன வாரம் 'போ' என்று விழுந்தது. அடுத்த எழுத்து வரவில்லை. அதற்குப் பிறகு டிங் சத்தமே இல்லை.

போர்வையா? போதுமா? போகாதேயா? இல்லை, பழைய போய்யாதானா? அவர் அந்த டேப்லெட்டை அணைக்கவே இல்லை. சார்ஜரில் செருகியபடியே வைத்திருந்தார்.

"கண் இமையும் ஒருநாள் நின்னுடலாம்னு டாக்டர் சொன்னாரேண்ணே," என்று பக்கத்து வீட்டு ஜரீனா மெல்ல ஆரம்பித்தாள். அவர் வெளியே போகும்போதெல்லாம் தங்கத்தைப் பார்த்துக்கொள்கிறவள் அவள்தான்.

"வாயக் கழுவும்மா. சென்சார் போச்சு, அவ்வளவுதான்" என்று எரிந்து விழுந்தார்.

கடைசியாக, எலக்ட்ரானிக் சாமான் கடைகள் இருக்கும் சிம் லிம் டவரில் ஹனீபாவின் கடைக்குப் போனார். பழைய பழக்கம். ஹனீபா அவர் கொண்டுவந்த சென்சாரை பேட்டரியில் இணைத்து, கைப்பேசிக் கேமராவை அதற்கு நேரே பிடித்தார். நம் கண்ணுக்குத் தெரியாதது கேமராவுக்குத் தெரியும். திரையில் ஊதா நிறத்தில் ஒரு புள்ளி எரிந்தது.

"லைட்டு வருதேண்ணே?"

"லைட்டு வரும் பாய். திரும்பி வர்றத வாங்குற பக்கம் செத்திருக்கும்."

"அத டெஸ்ட் பண்ணிப் பாத்தீங்களா?"

"பண்ணாம வருவேனா?"

பச்சைப் பொய்! விரலை எதிரே ஆட்டினால் போதும், தெரிந்துவிடும். வேலையிடத்தில் அதைச் செய்யாமல் எவனாவது பாகத்தை மாற்றினால் ஊரைக் கூட்டிக் கத்துகிறவர் அவர். ஒரு வாரமாக அந்த விரலைத்தான் அவர் நீட்டவில்லை.

ஹனீபா அவர் முகத்தைப் பார்த்தார். ஸ்டூல் போட்டு ஏறி, மேல்தட்டு டப்பாக்களைக் கிளறி, தூசி படிந்த ஒரு பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தார். அதே மாடல்.

"ஒண்ணே ஒண்ணுதான் கெடந்துச்சு. அக்கா பேசட்டும், போங்க."

வீடு இருக்கும் பூன் லே வரை ரயிலில் அதை உள்ளங்கையில் மூடியபடியே வந்தார். இடம் இருந்தும் உட்காரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சாலிடர் வைத்தார், ஒட்டினார், கண்ணாடியைத் தங்கத்துக்கு மாட்டினார்.

"சொல்லு தங்கம். போ... அப்புறம்?"

எழுத்துகள் ஓடின. ஒரு சுற்று முடிந்து இன்னொரு சுற்று. கண்ணாடியைக் கொஞ்சம் மேலே ஏற்றினார், கீழே இறக்கினார். தலையணையைச் சரி செய்தார். ஜரீனா அறை வாசலிலேயே நின்றாள். எழுத்துகள் ஓடிக்கொண்டே இருந்தன.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். இனி வேறு வழியில்லை. விரலை நீட்டினார்.

டிங்.

திரையில் 'போ'வுக்குப் பக்கத்தில் 'க' விழுந்தது. ஐயோ என்று பதறிப்போய் அதை அழித்தார். புதியதைப் பிரித்துவிட்டுப் பழைய சென்சாரைத் திரும்ப வைத்தார், மறுபடி விரலை நீட்டினார். டிங். பழையதற்கு ஒன்றும் ஆகவில்லை. இத்தனை நாளும் ஒன்றும் ஆகவில்லை.

ஜரீனா துப்பட்டாவால் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

ரத்னவேல் கால்மாட்டில் கிடந்த போர்வையை இழுத்துத் தங்கத்தின் கழுத்து வரை போர்த்தினார். மத்தியான வெக்கை. போதும் என்று சொல்ல வந்திருந்தால்? எடுத்தார். மறுபடி போர்த்தினார்.

"எதுடி? எதச் சொல்ல வந்த? திட்டணும்னா திட்டித் தொலையேன்டி!"

அவள் கண்கள் பாதி திறந்தபடி இருந்தன. போர்வையின் நுனியைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றார். போர்த்துவதா எடுப்பதா என்று அவருக்குத் தெரியவில்லை. இனி ஒருநாளும் தெரியப்போவதில்லை.