கொல்லம் ரெண்டாயிரம்

செல்வதாஸின் கம்ப்யூட்டர் சென்டர் தக்கலையில் ஒரு புரோட்டாக் கடைக்குப் பின்னால் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது. சால்னாப் புகை ஆகும் போலிருக்கிறது, அது கேட்பாரில்லாமல் உள்ளே வந்து போய்க்கொண்டிருந்தது. திருவனந்தபுரம் போய்ப் படித்துவிட்டு வந்தவன் வெங்காயம் வதங்கும் வாசனையில் உட்கார்ந்து உலகத் தொழில்நுட்பம் பேசுவது அவனுக்கே கேவலமாக இருந்தது.

அவன் கண்ணெல்லாம் முத்துநாயகம் அண்ணாச்சியின் கல்யாண மண்டபத்து முன்னறை மேல். ரோட்டைப் பார்த்த அறை. அண்ணாச்சி அதை யாருக்கும் கொடுப்பதாக இல்லை.

1999 டிசம்பரில் வழி பிறந்தது. கம்ப்யூட்டர்கள் வருஷத்தின் கடைசி இரண்டு எண்ணை மட்டும் வைத்திருப்பதால், 99 போய் 00 வந்ததும் 1900 என்று நினைத்துக் குழம்பிவிடும் என்று பத்திரிகைகள் எழுதின; ஒய் டூ கே என்று அதற்குப் பேரும் வைத்தன. மண்டபத்து ஆபீசிலும் ஒரு கம்ப்யூட்டர் உண்டு, துபாய் மருமகன் வாங்கிக் கொடுத்தது. கல்யாண புக்கிங் முழுக்க அதில்தான். பழைய நோட்டை ஆக்கர்காரனுக்கு எடைக்குப் போட்டுவிட்டு அண்ணாச்சி நவீனமாகியிருந்தார்.

"அண்ணாச்சி, தை மாசக் கல்யாணம் அத்தனையும் போச்சு," என்றான் செல்வதாஸ்.

"எங்க வே போச்சு?"

"ஆயிரத்தித் தொள்ளாயிரத்துக்குப் போயிரும்."

"அப்போ இந்த இடம் தென்னந்தோப்புல்லா. மண்டபத்துக்கு எங்க போவான்?"

"நான் சரியாக்கித் தாறேன். முன்னறைய எனக்குத் தந்தா போதும்."

"மொதல்ல ஆக்கு. தை கழியட்டு, சாவி தாறேன்."

வாக்குக் கொடுத்துவிட்டானே தவிர, வைத்தியம் அவனுக்குத் தெரியாது. யோசித்தபடி சுவர்க் காலண்டரைப் பார்த்தபோதுதான், தேதிக்கு அடியில், பழைய மலையாளக் கணக்கில், கொல்லம் ஆண்டு 1175 என்றிருந்தது கண்ணில் பட்டது. வெள்ளைக்காரன் நோய்க்கு நாஞ்சில் நாட்டு மருந்து.

"நமக்கு இது 1175 அண்ணாச்சி. வருசத்த 75ன்னு போட்டுட்டா சோலி தீந்துச்சு. கொல்லம் ரெண்டாயிரம் வாறதுக்கு இன்னும் எண்ணூத்திச் சொச்சம் வருசம் கிடக்கு."

அண்ணாச்சிக்கு உடம்பெல்லாம் பூரித்தது. "அமெரிக்காக்காரனுக்கு இது தோணல்ல, பாத்தியா."

புக்கிங்கில் எல்லா வருஷத்தையும் 75 ஆக்கினான். கம்ப்யூட்டரின் கடிகாரத்தையும் 75க்கு இழுத்துப் பார்த்தான். எண்பதுக்குக் கீழே இறங்க மாட்டேன் என்று அது பிடிவாதம் பிடித்தது. சின்ன விஷயம்தானே என்று விட்டுவிட்டான்.

ஜனவரி ஒன்று விடிந்தது. தக்கலையில் எந்தக் கம்ப்யூட்டரும் நிற்கவில்லை. அத்தனைக்கும் காரணம் தான்தான் என்பதுபோல் செல்வதாஸ் பஜாரில் நடந்தான். 'ஒய் டூ கே வென்ற செல்வதாஸ்' என்று பெரிய போர்டு எழுதி, சாவி கிடைப்பதற்கு முன்பே முன்னறை வாசலில் சாத்தி வைத்தான்.

தையில் நல்ல முகூர்த்த நாள். காலையில் மண்டபத்து வாசலில் இரண்டு கல்யாண வேன்கள் மூக்கோடு மூக்கு முட்டி நின்றன. இரண்டிலும் மாப்பிள்ளை, இரண்டிலும் மேளம்.

ஜனவரியில்தான் வேலைக்குச் சேர்ந்த அஜிதா கையைப் பிசைந்தாள். "எனக்கு என்ன தெரியும் அண்ணாச்சி. மிஷின்ல தை மாசம் முழுக்க காலியாக் கிடந்துது. கேட்டவங்களுக்குக் குடுத்தேன்."

அண்ணாச்சி செல்வதாஸை இழுத்துவந்து திரை முன்னால் உட்கார வைத்தார். அவன் பார்த்தான். மிஷின் 75ஐ 1975 என்று படித்திருந்தது. அதன் கணக்கில் தைக் கல்யாணங்கள் எல்லாம் இருபத்தைந்து வருஷத்துக்கு முன்பே நடந்து முடிந்தவை.

விஷயம் முதலில் பதிந்த பெண்வீட்டாருக்குப் போனது. பெண்ணின் மாமா நிதானமாகக் கேட்டார்: "அப்போ இன்னைக்கு எனக்க மருமவளுக்கு வெள்ளி விழாவா வே?"

முதல் ஜோடிக்கு மேடை. இரண்டாவது ஜோடிக்கு அந்த முன்னறையிலேயே மணையைப் போட்டுத் தாலி கட்டினார்கள். செல்வதாஸின் போர்டைப் படுக்கப் போட்டு அதன்மேல் அப்பளக் கூடையை வைத்தார்கள். 'வென்ற' என்ற இடத்தில் ரசவாளி. அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு இரண்டு பந்திக்கும் ஓடியவன் செல்வதாஸ்தான்.

சாயங்காலம் முன்னறை காலியானது. கேட்கலாமா வேண்டாமா என்று ரசக் கறை வேட்டியோடு வாசலில் நின்றான். அண்ணாச்சி அறையைப் பூட்டி, சாவியை மடியில் சொருகினார்.

"முன்னற உனக்குத்தான் மக்கா. வாக்கு மாறமாட்டேன். கொல்லம் ரெண்டாயிரம் பொறக்கட்டு, வந்து வாங்கிக்க."