துப்பாக்கிக் கட்டையில் ஒரு மான்

மயிலாப்பூர் ஸ்ரீரங்கன் செதுக்கிய குதிரை வாகனம், கொள்ளு வைக்காமல் தூக்கினால் தெற்கு மாட வீதி திரும்பாது. தோள் கொடுத்தவன் நான், எனக்குத் தெரியும்.

எழுபத்திரண்டில், நான் எடுபிடியாக இருந்த அவர் பட்டறைக்கு தி.நகர் ஜவுளிக்கடை பொன்ராஜ் வந்தார். போர்வைக்குள் ஜமீன் ஏலத்தில் எடுத்த பழைய ரைஃபிள். முந்தின வருஷம் வேட்டையில், புதர் அசைந்ததை மான் என்று நினைத்து இந்தத் துப்பாக்கியால்தான் சுட்டார். புதருக்குள் இருந்தது தம்பி ஜவஹர். கோர்ட்டு விபத்து என்று சொல்லித் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. தம்பி மனைவி புஷ்பம் ராயப்பேட்டையில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போனவள்தான். பொன்ராஜ் வீட்டில் அப்புறம் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை.

“கட்டையில ஒரு மான் செதுக்குங்க. இரும்புல தம்பி பேரு. இனி இத யாரும் தோள்ல வைக்கக் கூடாது.”

ஸ்ரீரங்கன் கன்னம் பதிகிற இடத்தில் மானை நிறுத்தினார். கொம்புக்குத் தனித் துண்டு பதித்தார். குறி பார்க்கக் குனிந்தால் குத்தும். இரும்பில் கொடி ஓட்டி, நடுவே ‘ஜவஹர்’ என்று வெட்டினார். அந்த வாரம் பட்டறையில் தொங்கிய வாழைத்தாரில் கீழ்ச்சீப்பு காணாமல் போனது. நான் யாரையும் சொல்லவில்லை.

கண் மட்டும் பாக்கி. வாகனத்துக்குக் கண் திறக்கும்போது எதிரே பசுவும் கன்றும் நிற்கும்.

“இன்னா மொதலாளி, இது யார் மூஞ்சில முழிக்கணும்?”

“புஷ்பம் முகத்துல.”

“அவங்க…” என்று நான் இழுத்தேன். தாலி இழந்தவளைக் கண் திறப்புக்கு யாரும் கூப்பிடுவதில்லை.

ஸ்ரீரங்கன் உளியைத் தீட்டினார். “சாஸ்திரம்லாம் சாமிக்கு. மானுக்கு இன்னா தெரியும்? போய்க் கூட்டிக்கினு வா நைனா.”

போனேன். “மானா?” என்று ஒரே தரம் கேட்டாள் புஷ்பம். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டாள்.

அவள் எதிரே நிற்க, ஸ்ரீரங்கன் மெல்லத் தட்டினார். கண் திறந்தது. ஓரத்தில் ஈரம் கசிந்தது. எண்ணெய் குடித்த பழைய மரம் என்றார் அவர். நானும் அப்படியே சொல்லிவைக்கிறேன். புஷ்பம் முந்தானையால் துடைத்தாள்.

பொன்ராஜ் வாசலில் தெருவைப் பார்த்து நின்றிருந்தார்.

“அத்தான், இங்க வந்து நில்லுங்க. இது உங்களையும் பாக்கட்டும்.”

வந்து நின்றார். தலை குனியப் பார்த்தார். அவள் பார்வை விடவில்லை.

பிறகு, “வீட்டுக்குப் போவோம். தாகமா இருக்கு,” என்றாள்.

பொன்ராஜ் போர்வையை விரித்தார். வேண்டாம் என்று தடுத்து, துப்பாக்கியை அவளே மடியில் வைத்துக்கொண்டு டாக்சியில் ஏறினாள். லஸ் முனை திரும்பும்வரை அந்த மான் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்துக்கொண்டே போனது. நம்பாதவர்கள் டாக்சிக்காரனைக் கேட்கலாம்; அவன் இப்போது இல்லை.