எமிலின் பெயரை வாசித்தவர்

1.

இந்தக் கதையை யாரும் எனக்குச் சொல்லவில்லை. தேவாலயக் கூடத்தில் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தபோது ஒட்டுக்கேட்டேன். இந்த ஃபின்லாந்துக் கிராமத்தில் முப்பது வருடம் குப்பை கொட்டியவனுக்கு அந்த உரிமைகூட இல்லையா என்ன?

முதலில் இப்படித் தொடங்கினேன்: '1918இல் நடந்த உள்நாட்டுப் போரில்...' அடித்துவிட்டேன். அந்த மூன்றரை மாதத்துக்கு இங்கே ஒற்றைப் பெயர் கிடையாது. பண்ணை வீட்டில் பிறந்தவர் 'விடுதலைப் போர்' என்பார். குத்தகைக் குடிசையில் பிறந்தவர் 'வர்க்கப் போர்' என்பார். வாயைத் திறந்தால் எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துவிடும். அதனால்தானோ என்னவோ, பேசாமல் இருப்பதையே நாட்டின் குணம் என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

2.

நூறாம் ஆண்டு நினைவுநாளில் இரண்டு தரப்பிலும் செத்தவர்களை ஒரே பட்டியலாக வாசிக்கலாம் என்றார் போதகர். ஊரில் அப்படி நடந்ததேயில்லை. வாசிக்க இரண்டு பேர். பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற பெண்மணி இர்யா. அவருடைய தாத்தா எமில் குத்தகைக்காரர்கள் பக்கம் நின்ற செம்படைக்காரர், தோற்றபின் மணற்குழியில் நிறுத்திச் சுடப்பட்டவர். பண்ணைக்காரர் ரிஸ்தோ, அவருடைய தாத்தாவின் அண்ணனைச் செம்படை கொன்றது. இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

(முதல் வரைவில் ரிஸ்தோவை முரடராக எழுதியிருந்தேன். என் வசதிக்காகச் செய்த காரியம்.)

"எங்க ஆளு பேர நீ படி, இர்யா. உங்க தாத்தா பேர நான் படிக்கிறேன்."

"ஒரு பேரப் படிச்சிட்டா எல்லாம் சரியாப் போயிடுமா?"

"போகாது. எங்க வீட்ல அந்தப் பேர யாரும் சொன்னதில்ல. அதான்."

"உனக்குத் தவளைக் குரல். மைக்குகிட்ட நின்னு படி. பின்வரிசைக்கும் கேக்கணும்."

3.

ஞாயிறு காலை. இர்யா பிசிறில்லாமல் வாசித்தார். பிறகு ரிஸ்தோ.

"எமில் சலோகங்காஸ். வயசு இருபத்தாறு."

அடுத்த பெயருக்குப் போகவில்லை. தாளை மடித்தார்.

"சுட்டது எங்க தாத்தா. எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும்."

[இந்த இடத்தில் நான் பிறந்த ஊரைப் பற்றி இரண்டு வரிகள் இருந்தன. அங்கே இன்னும் பட்டியலே—]

காப்பிக் கூடத்து வாசலில் இர்யா அவரை மறித்தார்.

"எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?"

"ஏழு வயசுலேர்ந்து."

"ஸ்கூல்ல என் பக்கத்துல உக்காந்திருந்தப்பவா?"

"ஆமா."

"எங்கப்பா சாகுற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாரு, ரிஸ்தோ. யாரு, யாருன்னு."

காப்பி ஆறிப்போனது. யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

4.

இர்யா அவர் கையைப் பிடித்துக்கொண்டார் என்று ஒரு முடிவு எழுதினேன். இந்த ஊர்க்காரியான என் மனைவி ஹெல்வி படித்துவிட்டு, "இது உங்க ஆசை. அவ அப்படிச் செய்யல" என்றாள். இன்னொன்றில் இர்யா வீட்டை விற்றுவிட்டு ஊரைவிட்டே போகிறார். அதுவும் பொய். இங்கேதான் இருக்கிறார்.

நடந்தது இது. நவம்பரில் முதல் பனி விழுந்தது. வருடாவருடம் இர்யா வீட்டுப் பாதையின் பனியை ரிஸ்தோதான், கேட்காமலே, டிராக்டரால் தள்ளிவிட்டுப் போவார். அன்றும் வந்தார். ஆனால் பாதை முனையிலேயே வண்டியை நிறுத்தி இறங்கி நின்றார். இர்யா கையில் பனிவாரியோடு வெளியே வந்து, தன் வாசலிலிருந்து தானே தள்ளத் தொடங்கினார். தலை நிமிரவில்லை. ரிஸ்தோவைப் போகச் சொல்லவில்லை. வரச் சொல்லவுமில்லை. நடுவே எண்பது அடி தூரத்துக்குப் பனி.

நான் பார்த்தது இவ்வளவுதான். மீதியை நீங்கள் எழுதுவதானால் அவசரப்படாதீர்கள். இர்யாவுக்கு எழுபது வயது. மெதுவாகத்தான் தள்ளுகிறார்.