நாலு தட்டு

பூஜப்புரையில் ஜெயஷீலா டீச்சரின் வீடு பழைய வீடு. சுவருக்கு ஒரு குறையும் இல்லை. அதற்குள் ஓடுகிற இரும்புக் குழாய்க்குத்தான் வயசாகிவிட்டது. மாடித் தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கும். அடுக்களையில் குழாயைத் திறந்தால் இரண்டு இருமல் இருமும், சின்னப் பிள்ளை ஒன்றுக்குப் போகிற மாதிரிக் கொஞ்சம் வரும், பிறகு அதுவும் நின்றுபோகும்.

"உள்ள துருவும் காத்தும் அடைச்சுக் கெடக்கு டீச்சர். கீழேருந்து மேல தள்ளிவிட்டா செரியாவும்," என்றான் சத்தியதாஸ். சொன்னது டீச்சரிடம், பார்வை முழுக்க எலிசாள் மேல். அவள் முகம் கொடுக்கவில்லை.

எலிசாள் அவன் மனைவி. அவன் மேலே தொட்டியருகே நிற்பான், அவள் கீழே குழாயருகே நிற்பாள். கல்யாணம் ஆனதிலிருந்து இதுதான் இருவருக்கும் தொழில். மொபைல் ஒருமுறை தொட்டிக்குள் விழுந்து செத்ததிலிருந்து அதை அவன் மேலே கொண்டுபோவதில்லை. பழைய வீட்டில் அது வேண்டியதுமில்லை. இரும்புக் குழாயில் ஸ்பானரால் தட்டினால் வீடு முழுக்கக் கேட்கும். ஒரு தட்டு என்றால் திற. இரண்டு என்றால் மூடு. மூன்று என்றால் வேலை முடிந்தது, சாயா குடிக்கலாம். மூன்றுக்கு மட்டும் அவளும் கீழேயிருந்து மூன்று தட்டுவாள்.

இன்று காலையில் அவன் நாக்கில் சனி வந்து உட்கார்ந்தது. பஸ் போய்விடுமே என்ற எரிச்சலில், "கீழ நிண்ணு பைப்பைத் திறந்து மூட எந்தப் பொட்டனும் போதும்," என்றுவிட்டான். பொட்டன் என்றால் செவிடன். மூளை கெட்டவனையும் அப்படித்தான் சொல்வார்கள்.

எலிசாள் சத்தம் போடவில்லை. "அப்பம் நாளையிலேருந்து ஒரு பொட்டனையே கூட்டீட்டுப் போங்க. பாப்பனங்கோட்டு பேக்கறியில ஆளு கேக்காவ. நான் அங்க போறேன்," என்றாள். அதோடு வாயைப் பூட்டிக்கொண்டாள். பஸ்ஸில் தள்ளிப் போய் வேறு சீட்டில் உட்கார்ந்தாள்.

அவள் சொன்னால் செய்கிறவள். அது தெரிந்ததால்தான் சத்தியதாஸ் ஏணியில் பாதி ஏறி ஒருமுறை அவளைத் திரும்பிப் பார்த்தான்.

கீழே அடுக்களைக்குப் பின்புறம், பாத்திரம் கழுவும் குழாயில் எலிசாள் மோட்டார் ஹோஸைப் பொருத்தி, சைக்கிள் ட்யூபால் இறுகக் கட்டியிருந்தாள். அவன் ஒரு தட்டுத் தட்டினான். அவள் திறந்தாள். தண்ணீர் குழாய்க்குள் தலைகீழாக ஏறி, தொட்டியடியில் குபுகுபுவென்று காற்றாக வந்தது. பின்னால், பால் விடாத கட்டங்காப்பி நிறத்தில் துரு கிளம்பியது. இரண்டு தட்டு, நின்றது. மறுபடி ஒன்று, மறுபடி இரண்டு. வாய்ப்பேச்சு இல்லாவிட்டாலும் அவள் கை ஒரு இமைப்பொழுது தவறவில்லை. எந்தப் பொட்டனுக்கு வரும் இது? தொட்டியைக் கழுவிவிட்டு நிமிர்ந்தவனுக்கு வெட்கமாக இருந்தது.

வேலை முடியுமுன்னே சாயாவுக்கு மூன்று தட்டினான். பதில் இல்லை. திரும்ப மூன்று. இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் நாலு தட்டினான். நாலுக்கு அவர்களிடம் அர்த்தமே கிடையாது.

கீழேயிருந்து டக்கென்று நாலு வந்தது.

நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. இன்னொரு நாலு போட்டான். நாலு திரும்பி வந்தது. ஏணியில் வழுக்கிக்கொண்டு இறங்கி, பல்லெல்லாம் தெரிய அடுக்களைக்குள் போனான். அங்கே ஜெயஷீலா டீச்சர் தோசைச் சட்டுவத்தோடு குழாயருகே நின்றுகொண்டிருந்தார்.

"நீ தட்டினியல்லோ சத்தியதாசே, அதான் நானும் தட்டினேன். இனி பைப்பில வெள்ளம் வருமா?"

பின்வாசலில் எலிசாள் புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கிற்று. பிறகு முகத்தை நேராக்கிக்கொண்டு, காலைக்குப் பிறகு முதல் வார்த்தை பேசினாள்.

"நாலு என்ன கணக்கு?"

சத்தியதாஸ் தலையைச் சொறிந்தான். "பொட்டன் நாந்தாண்ணு."

"அதுக்குத் தட்ட வேண்டாம். பாத்தாலே தெரியும்."

டீச்சர் சட்டுவத்தை வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எலிசாள் சிரிக்கவில்லை, ஹோஸைக் கழற்றினாள். "மேல போய்த் திறந்து விடுங்க. டீச்சருக்குச் சோறு வைக்கணும்."

அவன் மோட்டாரைப் போட்டுவிட்டு மறுபடி ஏறினான். தொட்டி நிறைந்ததும் வால்வைத் திறந்து, ஒரு தட்டுத் தட்டினான். கீழே குழாய் நீளமாக ஒரு இருமல் இருமியது. பிறகு பாத்திரத்தில் தண்ணீர் விழுகிற சத்தம், கனமாக, நிற்காமல். "வந்தாச்சு, வந்தாச்சு! நல்ல தெளிஞ்ச வெள்ளம்!" என்று டீச்சர் கூவினார்.

அப்போது குழாயில் நாலு தட்டு விழுந்தது. டீச்சராக இருக்கும் என்று பேசாமல் இருந்தான். மறுபடி நாலு. இது சட்டுவம் தட்டுகிற சத்தமல்ல, ஸ்பானர். கைப்பிடிச் சுவரோரம் போய் எட்டிப் பார்த்தான். எலிசாள் இடுப்பில் கைவைத்து அண்ணாந்து நின்றாள்.

"காது கேக்கல்லியா? நாலுண்ணா நாளைக்கு. நாளைக்கு எங்க வேலைண்ணு கேக்கேன்!"

"இங்க பக்கத்துல, திருமலையில. இதவிடப் பழைய வீடு."

"அப்பம் அந்தப் பெரிய ஸ்பானரை எடுத்து வைக்கணும். மறக்காதீங்க."

'பேக்கறி?' என்று கேட்க வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டான். அந்த அளவுக்குப் பொட்டன் இல்லை அவன். திரும்பிப் போய் மூன்று தட்டினான்.

கீழேயிருந்து மூன்று வந்தது.